பனிப்பாறை விட்டுட்டுப் போன மணலும் பாலாத்து மணலும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு வாசிப்புக்காக லேசாகத் திருத்தப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு கோல்ஃப் பத்திப் பேசப்போறோம். ஹெட்போனைக் கழட்டிடாதீங்க. நான் கோல்ஃப் ஆடுனதே இல்ல, ஆடப்போறதும் இல்ல. எங்க ஊர் காஞ்சிபுரத்துக்குள்ள கோல்ஃப் மைதானமும் கிடையாது. எனக்கு இதுல ஆர்வம் வந்தது வேற ஒரு கேள்வியில. ஒரு நிலத்தைப் பார்த்து "இது சும்மா கிடக்கு"ன்னு யார் சொல்றாங்க, எதை வச்சு சொல்றாங்க? கோல்ஃப் மைதானம் எங்க வந்தது, ஏன் அங்க வந்ததுன்னு தோண்டிப் பார்த்தா, அந்தக் கேள்விக்கு நல்ல பதில் மண்ணுக்கு அடியில கிடைக்குது.

ஸ்காட்லாந்துல ஆரம்பிப்போம். சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடி கடைசிப் பனியுகம் உச்சத்துல இருந்தப்போ, ஸ்காட்லாந்து மேல ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கனத்துக்கு பனி உட்கார்ந்திருந்தது. பனிப்பாறைன்னா அசையாம நிக்கிற ஐஸ் கட்டின்னு நினைச்சுக்காதீங்க. அது ரொம்ப மெதுவா நகரும். நகரும்போது அடியில இருக்கிற பாறையைத் தேய்ச்சு, உடைச்சு, அரைச்சுக்கிட்டே போகும். நம்ம வீட்டு கிரைண்டர் மாதிரிதான், ஆனா மாவுக்குப் பதிலா பாறை. 11,700 வருஷத்துக்கு முன்னாடி வாக்குல பனி மொத்தமா உருகி முடிஞ்சப்போ, அரைச்சு வச்ச மணலையும் சரளைக்கல்லையும் உருகுன தண்ணி ஆறு ஆறா அடிச்சுக்கிட்டுப் போய்க் கடல்ல கொட்டுச்சு. கடல் அலை அதைத் திரும்பக் கரைக்குத் தள்ளுச்சு. காத்து அதைக் கொஞ்சம் உள்ள தள்ளி மேடும் பள்ளமுமா குவிச்சு வச்சது.

இதோட இன்னொரு வேலையும் நடந்தது. ஒரு கிலோமீட்டர் கனத்துப் பனின்னா எவ்வளவு பாரம்! அந்தப் பாரத்துல நிலமே கீழ அமுங்கியிருந்தது. பனி போனதும் நிலம் மெதுவா மேல எழும்ப ஆரம்பிச்சது. சோஃபாவுல இருந்து ஒருத்தர் எழுந்து போனதும் மெத்தை எழும்புமே, அந்த மாதிரி. ஸ்காட்லாந்தோட சில பகுதிகள் இன்னமும் வருஷத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் எழும்பிக்கிட்டு இருக்கு. இதனால பழைய கடற்கரையெல்லாம் கடலுக்குக் கொஞ்சம் மேல, கொஞ்சம் உள்ள வந்துடுச்சு. இப்படி ஊருக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு மணல் பட்டை உருவாச்சு. அதுக்கு அவங்க வச்ச பேர் "லிங்க்ஸ்". மேட்டு நிலத்தைக் குறிக்கிற பழைய ஆங்கிலச் சொல்லுல இருந்து வந்த பேர்.

இந்த நிலத்துல ஒரு பிரச்சினை. ஏர் ஓட்ட முடியாது. வெறும் மணல், அதுல உப்புக் காத்து, மேல் மண்ணே இல்ல. சத்து கம்மியான இடத்துல வளர்ற மெல்லிசான புல் மட்டும் வரும். மழை பெஞ்சா அரை மணி நேரத்துல தண்ணி கீழ இறங்கிடும். ஆடு மேய்க்கலாம், முயல் பிடிக்கலாம், துணி காயப்போடலாம். ஊர் ஜனங்க எல்லாரும் புழங்கலாம், யாருக்கும் தனியாச் சொந்தமில்ல. நம்ம ஊர்ல மேய்ச்சல் புறம்போக்குன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அதுதான்.

ஆடு மேய்ஞ்சா புல் ஒரே மட்டமா இருக்கும். மணல்ங்கிறதால குளிர்காலத்துலயும் சேறாகாது. பந்து உருளும். கோல்ஃப் அங்க பிறந்ததுல என்ன ஆச்சரியம்? மணல் பள்ளத்துக்கு "பங்கர்"னு பேர் இருக்கு இல்லையா, கடல் காத்துக்கு பயந்து ஆடுங்க மேட்டோரமா ஒண்டிப் படுத்துப் படுத்து உண்டான பள்ளம்தான் அதுன்னு அங்க சொல்வாங்க. 1457-லயே ஸ்காட்லாந்து பாராளுமன்றம் கோல்ஃபுக்குத் தடை போட்டிருக்கு. பசங்க வில்வித்தைப் பயிற்சிக்குப் போகாம இதையே ஆடிக்கிட்டு இருக்காங்கன்னு கோபம். நம்ம வீட்டுல கிரிக்கெட்டுக்கு விழுந்த திட்டுதான், அங்க அது சட்டமா வந்திருக்கு.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. கோல்ஃபோட தாய் வீடு. 18 குழின்னு ஒரு கணக்கு உலகம் முழுக்க இருக்கே, அது 1764-ல அங்க 22-ல இருந்து 18 ஆனதுல இருந்து வந்தது. எனக்குப் பிடிச்ச கதை அதுக்குக் கொஞ்சம் பின்னாடி நடந்தது. 1797 வாக்குல ஊர் நிர்வாகம் கடன்ல மாட்டிக்கிட்டு அந்த நிலத்தை முயல் வளர்க்கிற வியாபாரிங்களுக்குக் கொடுத்துடுச்சு. முயல் மைதானத்தைத் தோண்டித் தள்ளுது. ஆட்டக்காரங்க கொதிக்கிறாங்க. கோர்ட்டு, அடிதடி, வருஷக்கணக்கா சண்டை. கடைசியா 1821-ல பக்கத்து நிலக்கிழார் ஜேம்ஸ் சீப் அந்த நிலத்தை வாங்கினதுக்கு அப்புறம்தான் முயல் தொல்லை ஓய்ஞ்சது. ஏர் ஓட்ட லாயக்கில்லாத நிலத்துக்கே இவ்வளவு சண்டை. நிலம் சும்மா கிடந்திருந்தா எதுக்குச் சண்டை?

இதுக்கு அப்புறம் ஆட்டம் கப்பலேறுது. போன இடத்துலயெல்லாம் முதல்ல மணலைத் தேடியிருக்காங்க. நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்ட்னு ஒரு நீளமான தீவு இருக்கு. அது பெரும்பாலும் பனிப்பாறையோட முன்முனை வந்து நின்ன இடத்துல கொட்டிட்டுப் போன குவியல்தான். இந்தக் குவியலை மொரெய்ன்னு சொல்வாங்க. ஜேசிபி ஒரு இடத்துல வந்து நின்னு, வாயில இருந்ததை அங்கேயே கொட்டிட்டுப் பின்னாடி போன மாதிரி. அந்தத் தீவுலதான் 1891-ல ஷின்னகாக் ஹில்ஸ் கிளப் வந்தது. விஸ்கான்சின் மாநிலத்துல எரின் ஹில்ஸ்னு ஒரு மைதானம், 2017 யூ.எஸ். ஓப்பன் அங்கதான் நடந்தது. அங்க மேடு பள்ளமெல்லாம் பெரும்பாலும் மனுஷன் வெட்டுனது இல்ல. பனிக்கட்டி மண்ணுக்குள்ள புதைஞ்சு அப்புறமா உருகுனதுல விழுந்த குழி, மொரெய்ன் குவிச்ச மேடு. டிசைனர் வந்தது பத்தாயிரம் வருஷம் கழிச்சு.

சரி, பனிப்பாறை வராத ஊர்ல என்ன பண்றது? அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-ல ஒரு செய்முறை வெளியிட்டுச்சு. கிரீன், அதாவது குழி இருக்கிற அந்த வழுவழு புல்தரையை, எப்படிக் கட்டணும்னு. இருக்கிற மண்ணைத் தோண்டி எடு. கீழ வடிகால் குழாய் போடு. அது மேல 10 சென்டிமீட்டர் சரளை. அதுக்கு மேல 30 சென்டிமீட்டர் மணல் கலவை. அதுல புல். படிச்சப்போ எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. பனிப்பாறை ஆயிரக்கணக்கான வருஷமா இயற்கையில செஞ்சதை, ஒண்ணரை அடி ஆழத்துல காப்பி பேஸ்ட் பண்றாங்க. இன்னைக்கு எந்த நாட்டுல நல்ல கிரீனைப் பார்த்தாலும் அடியில ஒரு குட்டி ஸ்காட்லாந்து புதைஞ்சு கிடக்குன்னு வச்சுக்கலாம். அதுக்கான மணல் எங்கிருந்தோ லாரியில வரணும்ங்கிறதை மட்டும் இப்போதைக்கு ஞாபகம் வச்சுக்கோங்க.

இந்தியாவுக்கு வருவோம். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளிய உலகத்துலயே பழைய கோல்ஃப் கிளப், 1829-ல தொடங்கின ராயல் கல்கத்தா. கங்கை டெல்டா. வண்டல், களிமண், தண்ணி வடியாத நிலம். ஸ்காட்லாந்துக்கு நேர் எதிர். அந்த மைதானத்துக்கு அடையாளமே அங்க இருக்கிற குளங்கள்தான்னு ஆடுறவங்க சொல்வாங்க. உண்மையான பனிப்பாறை நிலத்துல கோல்ஃப் பார்க்கணும்னா காஷ்மீர் போகணும். பஹல்காம் மைதானம் இருக்கிற லித்தர் பள்ளத்தாக்கு பழைய பனிப்பாறைகள் செதுக்குன இடம். மேல கொலஹோய் பனிப்பாறை இன்னமும் இருக்கு, சுருங்கிக்கிட்டே.

நடுவுல ஒரு சின்ன விஷயம். "தென்னிந்தியாவுல பனிப்பாறையே வந்ததில்லையா?"ன்னு கேட்டீங்கன்னா, கடைசிப் பனியுகத்துல வரல. ஆனா சுமார் 30 கோடி வருஷத்துக்கு முன்னாடி, இந்தியா தென் துருவத்துப் பக்கம் அன்டார்டிகாவோட ஒட்டிக்கிட்டு இருந்த காலத்துல, பனி வந்துச்சு. ஒடிசாவுல தால்சேர் பக்கத்துல களிமண்ணுக்குள்ள பெரிய பெரிய உருண்டைக் கல்லெல்லாம் பதிஞ்சு கிடக்குறதைப் பார்த்து, 1856-ல பிளான்ஃபோர்ட் சகோதரர்கள் "இது பனி கொண்டு வந்து போட்டது"ன்னு சொன்னாங்க. வெயில் கொளுத்துற ஒடிசாவுல பனியான்னு கேட்டிருப்பாங்க இல்ல? கண்டங்கள் நகரும்னு அப்போ யாருக்கும் தெரியாது. அது தனி எபிசோட்.

இப்போ ஊட்டி. இந்த எபிசோடுக்கு நான் படிச்சதுலயே என்னை ரொம்ப நேரம் உட்கார வச்சது ஊட்டிதான்.

ஊட்டி ஜிம்கானா கிளப்போட 18 குழி மைதானம் வென்லாக் டவுன்ஸ்ல இருக்கு. வென்லாக் டவுன்ஸ்னா தெரியலையா? ஆறாவது மைல், ஒன்பதாவது மைல் ஷூட்டிங் ஸ்பாட். எத்தனை தமிழ்ப் பாட்டுல ஹீரோ ஹீரோயின் உருண்டு வந்திருக்காங்க, அந்தப் புல்மேடு. வெள்ளைக்காரங்க அதைப் பார்த்ததும் சொந்த ஊர் ஞாபகம் வந்திருக்கும். மரமில்லாத, வளைஞ்சு வளைஞ்சு போற புல் மேடு, குளிர், சாரல். பார்த்தா அப்படியே பனிப்பாறை செதுக்குன நிலம் மாதிரி இருக்கும். ஆனா நீலகிரியில அந்த வேலையைப் பனிப்பாறை செய்யல. அது சார்னோகைட் பாறை, கோடிக்கணக்கான வருஷமா மழையிலயும் வெயில்லயும் மக்கி, மேல செம்மண்ணா ஆகி உருண்டு போன மலை. (சார்னோகைட் நம்ம பரங்கிமலை, பல்லாவரம் கல்லுதான். கல்கத்தாவை நிறுவினவர்னு சொல்ற ஜாப் சார்னாக்கோட கல்லறைக்கு இங்கிருந்து கல் போச்சு, அதுல இருந்து பாறைக்கே அவர் பேர் வந்துடுச்சு. பல்லாவரைட்னு வச்சிருக்கலாம். போகட்டும்.)

பனிப்பாறை வரலன்னா அந்தப் புல்வெளி ஏன் வந்தது? யாராவது காட்டை வெட்டுனதால வந்ததா? ரொம்ப நாள் பல பேர் அப்படித்தான் நினைச்சாங்க. நீலகிரி பள்ளத்துல அங்கங்க சதுப்பு இருக்கு. செத்த புல்லும் இலையும் தண்ணிக்குள்ள மக்காம அடுக்கு அடுக்கா சேர்ந்து கிடக்கும். பீட்னு சொல்வாங்க. எங்க பாஷையில சொன்னா அது ஒரு லாக் ஃபைல். பழசு கீழ, புதுசு மேல, யாரும் எடிட் பண்ண முடியாது. ஆர். சுகுமாரும் அவரோட சேர்ந்த ஆய்வாளர்களும் அந்த பீட்டைத் தோண்டி எடுத்து, அதுல இருக்கிற கார்பன் வகைகளை அளந்து 1993-ல 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. மரங்களும் வெப்பமண்டலப் புல்லும் காத்துல இருந்து கார்பனை எடுக்கிற விதம் வேற வேற, அதனால மக்குன பிறகும் ரெண்டோட கைரேகையும் தனித்தனியாத் தெரியும். கடைசிப் பனியுகம் உச்சத்துல இருந்தப்போ நீலகிரியில மழை கம்மி, காத்து வறண்டு இருந்தது, அந்த வகைப் புல் பரவியிருந்தது. பனியுகம் முடிஞ்சு பருவமழை வலுத்ததும் மத்த செடிகொடிங்க கூடுச்சு. இதுதான் அவங்க படிச்சுச் சொன்னது.

புரியுதா? பனி ஊட்டிக்கு வரல, ஆனா பனியுகம் வந்தது. ஸ்காட்லாந்துல அது மணலா தங்குச்சு, நீலகிரியில புல்லா தங்குச்சு. மனுஷன் கோடாலி எடுக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே அந்தப் புல்வெளி அங்க இருந்திருக்கு. பள்ளத்துல சோலை, மேட்டுல புல். புல் மேடு மழைத் தண்ணியை உறிஞ்சி மெதுவா சோலைக்குள்ள விடும், அங்கிருந்து ஓடை. பவானிக்கும் மோயாருக்கும் தண்ணி போற வழி அது.

அந்தப் புல்வெளி சும்மாவும் கிடக்கல. தோடர்கள் எருமை மேய்ச்ச நிலம் அது. உதகமண்டலம்ங்கிற பேர்லயே அவங்க குடியிருப்பைக் குறிக்கிற "மந்து" இருக்கு. ஆனா வருவாய்க் கணக்கு எழுதுறவன் கண்ணுக்கு மரம் இல்லன்னா வருமானம் இல்ல, ஏர் ஓடலன்னா அது தரிசு. அதனால 19-ம் நூற்றாண்டுல இருந்தே கற்பூர மரம்னு நாம சொல்ற யூகலிப்டஸும், வாட்டில்ங்கிற சீகை மரமும் புல்வெளி மேல நட ஆரம்பிச்சாங்க. சுதந்திரத்துக்கு அப்புறமும் தோல் பதனிட, விறகுக்கு, ரேயானுக்குன்னு அது நிக்கல. நீலகிரியோட புல்வெளியில பெரும்பகுதி இப்படிப் போயிடுச்சு. ஊட்டி போறப்போ நாம "எவ்ளோ மரம், எவ்ளோ பச்சை"ன்னு போட்டோ எடுக்கிறோமே, அதுல நிறைய மரம் அங்க இருக்கவே கூடாதது.

கோல்ஃப் மைதானத்துல இன்னொரு வேடிக்கை. ஸ்காட்லாந்து கடற்கரை மைதானங்கள்ல மஞ்சள் பூ பூக்கிற ஒரு முள் புதர் இருக்கும், கார்ஸ்னு பேர். ஊட்டி மைதானத்துலயும் அது இருக்கு. வெள்ளைக்காரங்க கொண்டு வந்ததுதான். கார்ஸும், அதோட உறவுக்காரச் செடி ஸ்காட்ச் புரூமும் இப்போ நீலகிரி புல்வெளியில படர்ந்து, வனத்துறை பிடுங்கிப் பிடுங்கி மாளல. நிலம் சொந்த ஊர் மாதிரி இருந்தது பத்தலை, செடியும் சொந்த ஊர்ச் செடியா வேணும்.

ஒரு ஆள் கேட்கலாம்: "கோல்ஃப் மைதானமா இருந்ததால அந்த இடமாவது மரம் நடாம தப்பிச்சதே?" பாதி உண்மை. திறந்த வெளியா தப்பிச்சது. ஆனா மெஷின் வச்சு வாரம் தவறாம வெட்டுற புல்தரையும், எருமை மேய்ஞ்சு குறிஞ்சி பூக்கிற புல்வெளியும் ஒண்ணு இல்ல. என்னைக் கேட்டா, ஷூட்டிங் ஸ்பாட் பண்ணின நன்மை கூட கோல்ஃப் பண்ணல.

மலையை விட்டு இறங்கி சென்னைக்கு வருவோம். இங்க கோல்ஃப்னா ரெண்டு பழைய மைதானம். நந்தனத்துல காஸ்மோபாலிட்டன் கிளப்போடது, கிண்டி ரேஸ் கோர்ஸ்ல குதிரை ஓடுற தடத்துக்கு உள்ள ஜிம்கானா கிளப்போடது. ஸ்காட்லாந்துப் புல் நம்ம வெயில்ல ஒரு மாசம் தாங்காது. வெப்ப நாட்டு மைதானங்கள்ல போடுறது பெர்முடா புல்லும் அதோட கலப்பினங்களும். பெர்முடான்னு ஸ்டைலா சொல்றாங்களே தவிர, அது நம்ம அருகம்புல். பிள்ளையாருக்குப் போடுறோமே, அதே வகை. லட்சக்கணக்குல சந்தா கட்டி அருகம்புல்லு மேல நடக்கிறாங்க. முன்னாடி இந்தியாவுல பல இடத்துல புல் வளர்க்கத் தண்ணி இல்லாம, மணல்ல எண்ணெய் கலந்து தட்டி ஆடுவாங்க. அதுக்குப் பேர் கிரீன் இல்ல, "பிரவுன்". அதுதான் நேர்மையான ஏற்பாடுன்னு எனக்குத் தோணுது.

சென்னையில வருஷத்துக்கு சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதுல பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டிடும். இங்க கொஞ்சம் கணக்கு போடலாமா? மண்ணுக்குள்ள தண்ணி இறங்குற வேகத்துக்கு விவசாயத்துல ஒரு தோராயம் வச்சிருக்காங்க. மணல்னா மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல. களிமண்னா மணிக்கு ஒண்ணுல இருந்து அஞ்சு. கான்கிரீட்னா பூஜ்யம். 2015 டிசம்பர் 1-ம் தேதி பெஞ்சது ஞாபகம் இருக்கா? தாம்பரத்துல 24 மணி நேரத்துல 49 சென்டிமீட்டர். சராசரி போட்டா மணிக்கு 20 மில்லிமீட்டர். அடியில காலி இடம் இருக்கிற மணல் தரை அந்த மழையையே குடிச்சிருக்கும். ஒண்ணரை மீட்டர் ஆழத்துக்குக் காய்ஞ்ச மணல் இருந்தாப் போதும். களிமண் திணறியிருக்கும். நம்ம ஊர் தார் ரோடும் அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கும் என்ன பண்ணுச்சுன்னு நாம எல்லாரும் பார்த்தோம். நவம்பர் மழையிலயே மண் நனைஞ்சு நிரம்பியிருந்ததுங்கிறதையும் சேர்த்துச் சொல்லணும், இல்லன்னா கணக்கு ரொம்ப அழகா இருந்துடும்.

அதனாலதான் 2024 செப்டம்பர்ல கிண்டியில நடந்தது எனக்கு ரேஸ் பத்தின செய்தியா தெரியல. குதிரைப் பந்தய கிளப்போட வாடகை பாக்கி ரொம்ப வருஷ வழக்கு. 99 வருஷக் குத்தகையை அரசு ரத்து பண்ணி, 160 ஏக்கர் நிலத்தை எடுத்துக்கிச்சு. கிளப்புகள் கோர்ட்டுக்குப் போச்சு. சரி தப்பு கோர்ட் பார்த்துக்கட்டும். அந்த நிலத்துல அடுத்து என்ன பண்ணாங்க? குளம் வெட்டுனாங்க. மழைத்தண்ணி வேளச்சேரி பக்கம் போய் வீட்டுக்குள்ள ஏறாம நிறுத்தி வைக்க. 118 ஏக்கர்ல பூங்கான்னு அறிவிப்பும் வந்தது. நூறு வருஷத்துக்கும் மேல பெரும்பாலும் கட்டடம் எழும்பாம தப்பிச்ச பெரிய நிலம் அது. பணக்காரங்க வேலி போட்டு வச்சதால தப்பிச்ச நிலம், வேலி போனதும் முதல்ல தண்ணிக்குத்தான் தேவைப்பட்டது. அங்க ஆடுனவங்களுக்கு வருத்தம் இருக்கும், புரியுது. ஆனா வேளச்சேரியில தரைத்தளத்துல வாடகைக்கு இருக்கிற ஃப்ரெண்டு இருந்தா அவங்க கிட்டயும் கேட்டுப் பாருங்க.

இனி எங்க ஊர். கோல்ஃப் இல்லாத ஊர்ல கோல்ஃப் கதை எப்படி முடியும்? கோல்ஃப் நிலத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வி ஒண்ணுதானே: தண்ணி எவ்வளவு சீக்கிரம் கீழ இறங்கும்? அதே கேள்வியை பிள்ளையார்பாளையத்துல நெசவு வீடுங்க தலைமுறை தலைமுறையா கேட்டுக்கிட்டு இருக்கு. காஞ்சிப் பட்டு நெய்யுற பாரம்பரியத் தறி குழித்தறி. வீட்டுத் தரையில குழி வெட்டி, நெய்யுறவர் காலை அதுக்குள்ள விட்டு மிதி பலகையை மிதிப்பார். மழைக்காலத்துல நிலத்தடி ஈரம் ஏறி குழிக்குள்ள தண்ணி ஊறுச்சுன்னா, பட்டு நூல் ஈரத்தைக் குடிச்சு பாவு தொய்யும், தறி நிக்கும். தறி நின்னா கூலி நிக்கும். தண்ணி வடியாத மண்ணால கோல்ஃப்காரருக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போகும். நெசவாளருக்கு கார்த்திகை மாசமே போகும்.

வடியவும் வேணும், ஊறவும் வேணும். ஏன்னா ஊர் குடிக்கிற தண்ணி பாலாத்து மணலுக்கு அடியில இருந்து வருது. ஓரிக்கை, திருப்பாற்கடல் பக்கம் ஆத்துப் படுகையில இருந்து எடுத்துத்தான் நகராட்சி காலத்துல இருந்து ஊருக்கு விநியோகம். பட்டுக்குச் சாயம் ஏறுறதே பாலாத்துத் தண்ணியாலதான்னு ஊர்ல பெருமையா சொல்வாங்க. பாலாறு வருஷத்துல பெரும்பாலான நாள் வெறும் மணலாத்தான் தெரியும். 2021 நவம்பர் மாதிரி எப்பவாவது கரை தொட்டு ஓடும், அப்போ எல்லாரும் பாலத்து மேல நின்னு செல்ஃபி எடுப்போம். மத்த நாள்ல "செத்த ஆறு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவோம். ஆனா ஆறு மணலுக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு. இதை முன்னாடி இருந்தவங்க நல்லாத் தெரிஞ்சு வச்சிருந்தாங்க. ஆத்து மணலுக்குள்ள வாய்க்கால் வெட்டி, ஊறி வர்ற தண்ணியை மேடு தாழ்வு பார்த்து வயலுக்கும் ஏரிக்கும் கொண்டு போறதுக்கு ஊற்றுக்கால்னு பேர். மோட்டார் இல்ல, கரண்ட் இல்ல. ஐயங்கார்குளத்துல நடவாவிக் கிணறு இருக்கே, சித்ரா பௌர்ணமிக்கு வரதர் படி இறங்கி உள்ள போவாரே, அதுவும் பாலாத்துக்குப் பக்கத்துல இருக்கிற இடம்தான். அவர் இறங்கணும்னா முன்னாடியே தண்ணியை இறைச்சு எடுக்கணும். திருவிழா முடிஞ்சதும் தானா ஊறி நிரம்பிடும்.

மணல்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு காலி இடம். ஒரு கணக்குக்கு, அரை கிலோமீட்டர் அகலம், ஒரு கிலோமீட்டர் நீளம் ஆத்துப் படுகையில ஒரு மீட்டர் ஆழத்துக்கு மட்டும் மணலை எடுத்தாச்சுன்னு வச்சுக்கோங்க. அது அஞ்சு லட்சம் கன மீட்டர் மணல். அதுல தங்கியிருக்கக்கூடிய தண்ணி குறைஞ்சது 15 கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில சொன்னா, 12,500 லாரி. மணலை ஒரு தடவைதான் விக்க முடியும். தண்ணியை அது ஒவ்வொரு மழைக்கும் திரும்பப் பிடிச்சு வச்சிருக்கும். பாலாத்துல பல வருஷமா மணல் அள்ளுன அளவு இந்த ஒரு மீட்டர் கணக்கோட நிக்கல. பல இடத்துல அடிக்களிமண் தெரியுற அளவுக்குப் போயிடுச்சு. ஸ்காட்லாந்துல பனிப்பாறை கொட்டிட்டுப் போனது அப்படியே கரையில இருக்கு. இங்க ஆறு ஆயிரக்கணக்கான வருஷமா கொண்டு வந்து சேர்த்ததை ரெண்டு தலைமுறையில லாரி ஏத்திட்டோம்.

இதே கண்ணோட கொஞ்சம் வடக்க போனா பரந்தூர். 2022 ஆகஸ்ட்ல சென்னையோட ரெண்டாவது விமான நிலையத்துக்கு அந்த இடம்னு அறிவிச்சாங்க. 13 கிராமம், 5,000 ஏக்கருக்கு மேல. விமான நிலையம் நிலத்தைப் பார்த்துக் கேட்கிறது தட்டையா இருக்கா, கட்டடம் இல்லாம இருக்கா. அந்த நிலம் தட்டையா இருக்கிறதுக்குக் காரணமே அது தண்ணி வந்து தங்குற இடம்ங்கிறதுதான். ஏரிகள், நன்செய் வயல், பாலாத்துத் தண்ணியை ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குக் கொண்டு போற கம்பன் கால்வாய் எல்லாம் அதுக்குள்ள வருது. ஏகனாபுரம் மக்கள் அறிவிப்பு வந்ததுல இருந்து போராடிக்கிட்டு இருக்காங்க. சென்னைக்கு இன்னொரு விமான நிலையம் வேணும், நானும் ஏர்போர்ட் வாசல்ல கியூவுல நிக்கிறவன்தான். ஆனா மேப்ல கட்டடம் இல்லாத இடமெல்லாம் காலி இடம் இல்ல. அங்க ஓடுதளம் போட்டா, இப்போ அந்த ஏரிகள்ல நிக்கிற தண்ணி எந்த ஊர் வழியா எங்க போகும்னு கையில அளவு வச்சு முதல்ல பதில் சொல்லணும்.

போறதுக்கு முன்னாடி ஒரு ஹோம்வொர்க். ஒரு கண்ணாடி பாட்டில் எடுங்க. உங்க தெருவுல, அபார்ட்மென்ட் தோட்டத்துல, எங்கயாவது அரை அடி தோண்டி ஒரு கைப்பிடி மண் எடுத்து அதுல போடுங்க. முக்கால்வாசி தண்ணி ஊத்தி, ரெண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கிற லிக்விட் விட்டு, நல்லாக் குலுக்கி ஆடாம வைங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள அடியில படியுறது மணல். அடுத்த சில மணி நேரத்துல படியுறது வண்டல். மறுநாளும் தண்ணி கலங்கலா இருந்தா அது களி. மூணு அடுக்கையும் ஸ்கேல் வச்சு அளந்து, போட்டோவோட உங்க ஏரியா பேரையும் போட்டு அனுப்புங்க. போன மழைக்கு உங்க தெருவுல தண்ணி எத்தனை நாள் நின்னதுன்னும் எழுதுங்க. நூறு பாட்டில் சேர்ந்தா ஒரு மேப் போட்டு அடுத்த மாசம் பேசலாம். காஞ்சிபுரத்துக்கு நானே எடுத்துட்டேன், வேகவதி ஓரமா. ஜன்னல் ஓரத்துல வச்சிருக்கேன், இன்னும் தெளியல.